சங்குக்குப் பிறகு ஒரு போன்

செவ்வாய்க்கிழமை காலை, படித்துறை டீக்கடை மாரியப்பன் போனில் கூப்பிட்டார். “சார்வாள், சங்கரபாண்டி அண்ணாச்சி போயிட்டாவ.” பிறகு, “மின்நிலையத்துல இருந்து பெரிய மாலையா கொண்டாந்திருக்காவ” என்றார். போய்ப் பார்த்தேன். மாலையின் ரிப்பனில் ‘கடமை தவறாதவர்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

அந்த வார்த்தை அவரை எப்படிச் சுட்டிருக்கும் என்று அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஊருக்கு மேற்கே, தாமிரபரணியில் உள்ள சிறு மின்நிலையத்தில் அவர் எந்திரம் ஓட்டியவர். தேக்கிய தண்ணீரை எந்திரத்துக்குத் திறந்துவிட்டால் கால் மணி நேரத்தில் படித்துறையில் முழங்கால் தண்ணீர் கழுத்துக்கு வரும். சாய்ந்த தாம்பாளத்தில் ஒரு குடம் நீரைக் கவிழ்த்தது போல என்று வகுப்பில் சொல்வேன். திறக்குமுன் எச்சரிக்கைச் சங்கு ஊத வேண்டும், அதுதான் விதி. அண்ணாச்சி சங்கு ஊதிவிட்டு மாரியப்பனுக்குப் போனும் போடுவார். ‘எல்லாரும் கரை ஏறியாச்சு’ என்ற பதில் வந்த பிறகே திறப்பார்.

ஒருமுறை மாணவர்களோடு நிலையத்துக்குப் போயிருந்தபோது, மாரியப்பனோடு அவர் பேசும் அந்தப் பேச்சை போன் ஸ்பீக்கரில் கேட்டேன்.

“ஆளெல்லாம் ஏறியாச்சு அண்ணாச்சி. ஒரு எருமைதான் வரமாட்டேங்கு. அதுக்கிட்ட போனைக் குடுக்கட்டுமா?”

“குடும்வே. அது ஏறுத வரைக்கும் நான் இருக்கேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “சங்கு ஊதுனா நாம சொல்லியாச்சு, சார்வாள். அவங்க கேட்டாச்சுன்னு யாரு சொல்லுவா?”

தண்ணீர் திறக்கத் தினமும் தாமதம் என்று மேலிடம் அவரிடம் விளக்கம் கேட்டது. ஓய்வுக்கு ஓராண்டு இருந்தது. வேலை போய்விடும் என்று வீட்டில் பயந்தார்கள். விளக்கம் கேட்ட தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உள்ள காரணத்தை எழுதவே அவர் நினைத்தார். தவறு செய்த மாணவனுக்குச் சொல்வது போல நான்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்: “மன்னிப்புக் கேட்டு, இனிமேல் சங்கு மட்டும் ஊதுவேன்னு எழுதிக் குடுத்திருங்க. ஒரு வருசம்தானே.”

“அப்ப போன் போடவே கூடாதா?”

“வேண்டாம் அண்ணாச்சி.”

நானே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது வாரம், காது கேளாத செல்லம்மா படித்துறையில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சங்கு முறைப்படி ஊதியது. உடல் மறுநாள்தான் கிடைத்தது. சங்கொலியைக் கேட்டதாக ஊரில் பலர் சாட்சி சொன்னார்கள். யார்மீதும் தவறில்லை என்று விசாரணை முடிந்தது. நான் காப்பாற்றிக் கொடுத்த வேலையை அண்ணாச்சி அன்றே ராஜினாமா செய்துவிட்டு வந்தார்.

அதன் பிறகும் வழியில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்குவார். “சௌரியமா சார்வாள்?” என்பார். ‘உம்ம பேச்சைக் கேட்டேன் பாரும்’ என்று ஒரு நாளாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மரியாதையும் குறையவில்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த மரியாதைதான். அதற்கு நான் தகுதியானவன் அல்லன் என்று அவர் உயிரோடு இருக்கும்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.