அம்மா ஏறிய கப்பல்

பூகோளத்தில் எப்படி ஆர்வம் வந்தது என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெண் ஒருத்தி துணைவேந்தராக வந்தது புதிது என்பதால் பேட்டிக்கு வந்தவர்களும் கேட்டார்கள், பட்டமளிப்பு விழாவில் பக்கத்தில் உட்கார்ந்த அமைச்சரும் கேட்டார். மழை, ஆறு, வெள்ளம் என்று ஏதாவது சொல்லிவைப்பேன். அம்மாவைப் பற்றிச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது என்கிற பயம்தான்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்களுடையது கடைசி வீடு. அதற்குப் பின்னால் லாலான் புல் மண்டிய மேடு. மேட்டைத் தாண்டினால் ஆறு. அப்பா எஞ்சினில் பயர்மேன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்குப் போகும் வண்டியில் கரி அள்ளிப் போடுவது அவர் வேலை. வேலை முடிந்து வந்தால் பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும். அம்மா குழாயடியில் நின்று அவர் முதுகில் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றிக்கொண்டே அன்றைக்கு நடந்தது முழுவதையும் சொல்லுவாள். பாசாரில் மீன்காரச் சீனன் என்ன சொன்னான், எதிர் வீட்டுக்காரி யாரோடு சண்டை போட்டாள், தம்பிக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது. அப்பா அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சை அம்மாவே பேசிவிடுவாள்.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்தன. தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். ரயில்வேயிலும் ஆட்களைக் குறைத்தார்கள். அப்பாவை நிறுத்தவில்லை, ஆனால் வேலை பாதியாகிவிட்டது. எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. நேற்றுவரை என்னோடு பாண்டி ஆடிய பிள்ளை மறுநாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகும். அப்புறம் அந்த வீட்டுக் கதவு திறக்காது.

நிலைமை சரியாகும்வரை நாகப்பட்டினம் பக்கத்தில் தன் அப்பா வீட்டில் இருந்துவிட்டு வருவதாக அம்மா முடிவு செய்தாள். அவளும் நானும் கைக்குழந்தையான தம்பியும் போவதாகத்தான் பேச்சு. நான் அப்போது வெள்ளைக்கார மிஷன் சகோதரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என் படிப்பை நிறுத்திக்கொள்வதாகச் சொல்ல அம்மா அங்கே போனாள். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் டீச்சர் ஒருவர் இடையில் நின்று சொன்னாராம். இந்தப் பிள்ளையை நிறுத்தாதீர்கள், சம்பளம் வேண்டாம், நாங்களே படிக்கவைக்கிறோம் என்று சகோதரிகள் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பி வந்த அம்மா வழக்கத்துக்கு மாறாக எதுவும் பேசவில்லை. அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"அவ இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

அப்பா, சின்னப்பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். "நான் பாதி நேரம் துறைமுகத்துல இருக்கேன், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார்.

"நீங்க அவளப் பாத்துக்குங்க. அவ உங்களப் பாத்துக்குவா. ஊருக்குக் கூட்டிட்டுப் போனா எங்கப்பா அவள மாட்டுக்குப் பின்னாடி அனுப்பிருவாரு. இங்க இருந்தா பள்ளிக்கூடம் போவா. நெலம சரியானதும் நான் வந்துருவேன்ல."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மாவோடு போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடம் வேண்டாம், மாடு போதும் என்று சொல்லியிருப்பேன்.

துறைமுகத்துக்கு நாங்கள் நாலு பேரும் ரயிலில்தான் போனோம். அப்பாவுக்கு அன்று வேலை இல்லை. எஞ்சினில் போகிறவர் எங்களோடு பலகையில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தது எனக்கு விநோதமாக இருந்தது. பெட்டாலிங் போனது, பத்து தீகா போனது. கிள்ளானுக்குச் சற்று முன்னால் வண்டி ஒரு பாலத்தின்மேல் ஏறியது. கீழே அகலமான ஆறு, தேத்தண்ணி நிறத்தில்.

இது எந்த ஆறு என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நம்ம வீட்டுக்குப் பின்னாடி ஓடுதுல்ல, அதேதான். இங்க வந்து கடல்ல சேருது."

என்னால் நம்ப முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடியது ஒடுக்கமான ஆறு. மழை பெய்தால் மட்டும் பொங்கும். அது இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு பெரிதாகிவிட்டதா என்று பாலம் முடியும்வரை பார்த்தேன். அம்மா என் தலையைத் தன் பக்கம் திருப்பி, வாரத்துக்கு ரெண்டு தரம் எண்ணெய் தேய்க்கவேண்டும், ஈரத்தலையோடு பள்ளிக்கூடம் போகக்கூடாது, அப்பாவுக்கு ரசம் இல்லாமல் சோறு இறங்காது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கப்பல் கரையை ஒட்டி நிற்கவில்லை, தள்ளி நின்றது. ஆட்களை வரிசையாக நிறுத்தி டாக்டர் பார்த்தார். பிறகு தொங்கான் படகில் ஏற்றினார்கள். படகில் அவ்வளவு பேர் நின்றார்கள், அம்மாவின் சேலை நிறத்தை மட்டும்தான் என்னால் அடையாளம் வைத்துக்கொள்ள முடிந்தது. தம்பி அழுதது கேட்டது. அம்மா கையை ஆட்டவில்லை. ஒரு கையில் தம்பி, இன்னொரு கையில் தகரப்பெட்டி. கப்பல் நகர்ந்த பிறகும் அப்பா நின்றுகொண்டே இருந்தார். கரையெல்லாம் உப்புச்சேற்றில் வேரூன்றிய காண்டாமரக் காடு. அந்தப் பச்சைக்கு அப்பால் கப்பல் திரும்பி மறைந்தது. திரும்பி வரும் வண்டியில் அப்பா எனக்கு ஒரு கச்சாங் கடலைப் பொட்டலம் வாங்கிக்கொடுத்தார். நான் தின்றேன். அழுகை அடுத்த வாரம்தான் வந்தது, தலையில் எண்ணெய் தேய்க்கும்போது, முதுகுப்பக்க முடிக்குக் கை எட்டாமல்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய உலகப்படம் மாட்டியிருந்தது. நாகப்பட்டினத்தை அதில் நானே தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கும் எங்கள் துறைமுகத்துக்கும் நடுவே நீல நிறத்தில் ஒரு சாண் இருந்தது. அவ்வளவுதானே என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு சாணைக் கப்பல் கடக்க ஒரு வாரத்துக்குமேல் ஆகும் என்று அப்பா சொன்னார். அப்படியென்றால் படத்தில் ஒரு விரற்கடை எத்தனை மைல் என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் படத்தின் மூலையில் இருந்த அளவுகோலைக் காட்டினார். அன்றிலிருந்து எனக்கு வேறு பாடம் எதுவும் பெரிதாகப் படவில்லை. அங்கே எப்போது மழை, காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், அங்கே விடியும்போது இங்கே எவ்வளவு வெயில் ஏறியிருக்கும், எல்லாம் தெரிந்துகொண்டேன். இந்நேரம் அம்மா குளித்திருப்பாள், இந்நேரம் அங்கே மழை பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. அவள் குரலை மட்டும் எதைப் படித்தும் கொண்டுவர முடியவில்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அங்கே யாரோ எழுதிக்கொடுத்த கடிதங்கள் வந்தன. எல்லாரும் எழுதுகிற அதே நாலு வரி. அவற்றில் அம்மா இல்லை.

ரசம் வைக்கப் பழகினேன். அப்பா குளிக்கும்போது நானே தண்ணீர் ஊற்றினேன். பேசத்தான் வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும்.

நிலைமை சரியானது. அப்பாவுக்கு முழு வேலை திரும்பியது. அம்மா வருவதாக இருந்தபோது அவள் அப்பா கைகால் விழுந்து படுத்துவிட்டார். அவர் இறந்தபோது தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள், வருஷம் முடியட்டும் என்றார்கள். அதற்குள் கப்பல் ஏறுகிறவர்களுக்கு ஏதேதோ கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்றுதான் இருந்தது. இனி வரமாட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் நான் காத்திருப்பதை நிறுத்தவும் இல்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிள்ளானிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை, நல்ல இடம். சிங்கப்பூர்க் கல்லூரியிலிருந்தும் உபகாரச் சம்பளத்தோடு இடம் வந்திருந்தது. அப்பா ரெண்டு நாள் வேலைக்குப் போய் வந்தார். பிறகு, அங்கே என்ன படிப்பாய் என்று கேட்டார். பூகோளம் என்றேன்.

"அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?"

"டீச்சர் வேலப்பா."

"அப்ப போ. உங்கம்மா சொல்லிட்டுப் போனது அதுதானே."

என்னைச் சிங்கப்பூர் வண்டியில் ஏற்றிவிட்டு பிளாட்பாரத்தில் நின்றார். அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவாரே என்று ஜோகூர்வரை அதே நினைப்பாக இருந்தது. உலகச் சண்டை வந்தபோது, ஊரைப் பிடித்தவர்கள் ரயில்வே ஆட்களைப் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவும் போனார். அங்கே காய்ச்சலில் இறந்துவிட்டதாக, திரும்பி வந்த ஒருவர் சொன்னார்.

சண்டை முடிந்து, மேல்படிப்புக்கு இங்கிலாந்து போக எனக்கு வாய்ப்பு வந்தது. முதலில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினேன். அப்பாவைப் பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். வாசலில் ஓர் அம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. அப்பாவின் சாவு அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டிருந்தது. என் மூக்குக்கண்ணாடி, கைப்பை, செருப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க. யாரத் தேடி வந்தீங்க?"

"அம்மா, நாந்தாம்மா" என்றேன்.

கிட்டே வந்து என் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அப்புறம், "உள்ள வாங்க" என்றாள். மீசை முளைத்துவிட்டிருந்த தம்பி சிரித்துவிட்டான். அக்காவைப் போய் வாங்க போங்க என்கிறாயே என்றான். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மாற்றிக்கொள்ள வரவில்லை. நான் அங்கே இருந்த நாட்களில் நீ என்றும் சொல்ல முடியாமல், நீங்க என்றும் சொல்லக் கூசி, "சோறு ஆறுது", "தண்ணி காஞ்சிருச்சு" என்றே பேசினாள். அந்தப் பேச்சையும் நான் ஆசையோடுதான் கேட்டேன். என்னோடு வந்துவிடு என்று கூப்பிட்டேன். தம்பியை விட்டுவிட்டு எப்படி என்றாள்.

பட்டம் வாங்கித் திரும்பினேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய கிள்ளான் ஆற்றைத்தான் என் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். அம்பாங் பக்கத்து ஈயச் சுரங்கங்களிலிருந்து வரும் மணல் ஆற்றின் அடியை எப்படி உயர்த்துகிறது என்று பார்க்க, கால்சட்டை போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். பிரிக்பீல்ட்ஸில் அதைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தேன், துறைத்தலைவர் ஆனேன். அந்த நாற்காலியில் எனக்கு முன் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. சில கூட்டங்களில் என்னைக் குறிப்பெடுக்க வந்தவள் என்று நினைத்துக் காகிதத்தை நீட்டியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கிள்ளானிலிருந்து ஒரு தகப்பனார் என்னைப் பார்க்க வந்தார். அவர் மகள் என் மாணவி. ஆற்றோரம் முகாம் போட்டுத் தங்கிப் படிக்கும் இடத்துக்குப் பெண்பிள்ளையை அனுப்பமாட்டேன் என்றார். கோபக்காரர் இல்லை, பயந்தவர். முகாமில் என்ன ஏற்பாடு என்றெல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு, நீங்கள் அப்பா அம்மாவை விட்டு வந்து படித்தவர், உங்களுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது என்றார்.

"நான் விட்டு வரல. நான் படிக்கணும்னு எங்கம்மாதான் என்னை விட்டுட்டுப் போனாங்க" என்றேன்.

அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். முகாம் நடந்த இடத்துக்குத் தானே மகளைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, சாயங்காலம்வரை ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

நான் துணைவேந்தரான வருஷம் அம்மா வந்தாள், இந்தத் தடவை விமானத்தில். என் பெரிய வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை, நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்தாள். பழைய குவார்ட்டர்ஸைப் பார்க்கவேண்டும் என்றாள். காரில் கூட்டிப்போனேன். வரிசையில் பாதியை இடித்திருந்தார்கள். எங்கள் வீடு இருந்தது. அம்மா இறங்கி நேராக வாசலுக்குப் போனாள். உள்ளேயிருந்து ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு வந்தாள். "உள்ள வாங்க லா ஆன்டி" என்று அவள் கூப்பிட்டது காதில் விழுந்தது.

அம்மா உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தாள். குழாய் முன்பு எங்கே இருந்தது, மழை பெய்தால் எந்த மூலை ஒழுகும், ஆறு பொங்கிய வருஷம் எதையெல்லாம் பரண்மேல் ஏற்றினோம் என்று சொல்லிக்கொண்டே போனாள். "நீ இந்தப் பக்கம் கயிறு கட்டாதடி, வெயிலே விழாது" என்று அந்தப் பெண்ணை அதட்டினாள். நான் காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது அம்மாவின் பேச்சு. நான் சின்னவளாக இருந்தபோது வீட்டை நிறைத்த அதே பேச்சு. இறங்கிப் பக்கத்தில் போய் உட்காரலாம் என்று தோன்றியது. போனால் பேச்சு நின்றுவிடும் என்று தெரிந்ததால் போகவில்லை.

ஒரு மாதம் இருந்துவிட்டுப் புறப்பட்டாள். விமான நிலையத்தில் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் விலகிய பிறகு, என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் போகாம இருந்திருக்கணுமோ?" என்றாள்.

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேருக்கு உடனுக்குடன் பதில் சொன்னவள் நான். தெரியலம்மா என்றேன். அவள் தலையை ஆட்டினாள். விமானம் ஏற அழைக்கும்வரை என் கை அவள் மடியிலேயே இருந்தது.