நசரத்பேட்டைக்குப் போன டிஷ்

என் கல்யாணத்தில் பெரியம்மாவுக்கு முதல் பந்தியில் இலை கிடைக்கவில்லை. அம்மாவின் கூடப்பிறந்த ஒரே அக்கா அவள். அன்று கை நனைக்காமல் நசரத்பேட்டைக்கு பஸ் ஏறியவள்தான். ஆறு வருஷம் பேச்சே இல்லை.

போன மாதம் அம்மா யாரிடமும் சொல்லாமல் டிவியில் நேரலையாக வரும் ஒரு நேயர் விருப்பப் பாட்டு நிகழ்ச்சிக்கு போன் போட்டு லைனையும் பிடித்துவிட்டாள். செட்டாப் பாக்ஸில் ரெகார்டும் போட்டு வைத்தாள். சாயங்காலத்துக்குள் சொந்தத்தில் யாரோ பெரியம்மா காதில் ஓதிவிட்டார்கள், உன் தங்கச்சி டிவியில் உன் கதையை ஊருக்கே சொல்லிவிட்டாள் என்று. "அவ செத்தாலும் வரமாட்டேன்" என்று பெரியம்மா சொல்லி அனுப்பினாள்.

அம்மா ஆடிப்போய்விட்டாள். "நல்லதுதாண்டி சொன்னேன். ரெகார்டு கீது. அக்காவுக்குப் போட்டுக் காட்டணும். அவ பாக்காம வேற யாரும் பாக்கக் கூடாது."

"நேர்ல போய் வாயால சொல்லும்மா."

"வாயால சொன்னா நம்புவாளா?"

செல்லில் படம் பிடிக்கலாம் என்றேன். செல்லில் என்ன வேண்டுமானாலும் பண்ணலாம், டிவியில் வந்ததை டிவியில்தான் பார்க்கணும் என்றாள். கட்டிக்கொடுத்தும் அடுத்த தெருவிலேயே இருக்கிற பாவத்துக்கு வேலை என் தலையில் விழுந்தது. ரெகார்டை பென் டிரைவில் ஏற்றினேன். எதில் போட்டாலும் திறக்கவில்லை. பெட்டியோடு மண்ணூர்பேட்டையில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன்.

"காப்பி ஆயிருச்சிக்கா. ஆனா பூட்டு போட்டு கீது" என்றார் கடைக்காரர்.

"தொறங்க."

"சாவி பொட்டிக்குள்ள கீது. இதே பொட்டி, இதே கார்டு, டிஷ் சிக்னல், மூணும் இருந்தாத்தான் தொறக்கும்."

என் அம்மா பேசின பேச்சுக்கு எங்களுக்கே பூட்டுப் போட்ட புத்திசாலி கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். கிடைக்கவில்லை. பெரியம்மா வீட்டில் இருப்பதோ கேபிள். மறுநாள் காலை ஆட்டோவில் பெட்டி என் மடியில், மாடியிலிருந்து கழற்றிய டிஷ் அம்மா மடியில்.

பூந்தமல்லி சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, ஊடு மாத்துறியா?"

"அக்கா ஊட்டுக்குப் போறோம்" என்று அம்மா மரியாதையாகப் பதில் சொன்னாள்.

கதவைத் திறந்த பெரியம்மா டிஷ்ஷை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னிக்கு எல போடாததுக்கு இன்னிக்குத் தட்டு எட்தாந்தியாடி?"

அம்மா டிஷ்ஷை என்னிடம் தள்ளிவிட்டு, பெட்டியோடு நேரே உள்ளே போய் டிவி பக்கத்தில் வைத்தாள். நான்தான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டிஷ்ஷுக்கு அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்து, ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படம் வந்தது. கையை எடுத்தால் போய்விட்டது. அதனால் டிஷ்ஷைக் கட்டிப்பிடித்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரியம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், கண் மட்டும் டிவியில்.

டிவிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஹலோ, நசரத்பேட்டைல எங்க அக்கா கீறா..."

"அம்மா, டிவி வால்யூமைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றாள் நிகழ்ச்சி நடத்துகிற பெண்.

"அவளுக்கு எல போடாம உட்டது..."

வீல் என்று ஓர் ஊளை. "வால்யூமைக் கம்மி பண்ணுங்கம்மா!" மறுபடி ஊளை. லைன் கட். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு பாட்டைப் போட்டுவிட்டாள்.

இதற்காகவா டிஷ்ஷைக் கழற்றினோம்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வால்யூம் கம்மி பண்ணா ரெகார்டுல சத்தம் கம்மியா உழும்னு நெனச்சேன். அந்த ஊளைல லைன் கட்டானதே தெரியல, எல்லாத்தயும் சொல்லி முடிச்சேன்" என்று அம்மா தரையைப் பார்த்து முணுமுணுத்தாள்.

பெரியம்மா ரிமோட்டை எடுத்தாள். பாட்டுச் சத்தம் குறைந்து குறைந்து நின்றது.

"கம்மி பண்ணிட்டேன். இப்ப சொல்லு."

அம்மா அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் பாட்டு ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தே சொன்னாள். "தப்பு என்னுதுதான்க்கா. பந்தி பரபரப்புல உன்ன மறந்துட்டேன். உன்னப் போய் மறந்துட்டேன்."

என் கை நழுவியது. படம் கட்டம் கட்டமாக உடைந்து போனது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, அந்தத் தட்ட அங்கயே போட்டுட்டு உள்ள வா. எல போடுறேன்."