செருப்பு கழன்றது தெரியவில்லை

ஈப்போ சந்தையில் என் இடது செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. கொதிக்கும் தார்ச்சாலையில் ஒற்றைச் செருப்போடு கார்வரை நடந்திருக்கிறேன். கணவர் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். பாதம் கொப்புளம் போட்டிருந்தது. வலி துளியும் இல்லை.

நியூரோபதி (நெடுநாள் இனிப்புநீர் எனும் சர்க்கரை நோயால் நரம்புகள் உணர்விழப்பது) என்றார் கிளினிக்கில் இருந்த பெண் மருத்துவர். சர்க்கரை மிகவும் ஏறியிருந்ததால் இனி இன்சுலின் ஊசி போட வேண்டுமாம்.

"ஊசி வேணாம் டாக்டர். எங்கண்ணே ஊசி ஆரம்பிச்ச ஆறே மாசத்துல போயிட்டாரு."

"அதுக்கு முன்னால மருந்து சாப்பிட்டாரா?"

"பத்து வருஷமா ஒரு மாத்திரைகூட முழுங்கல."

"அப்ப ஊசி கொல்லல லா. ரொம்ப லேட்டா வந்துச்சு."

நாங்கள் வளர்ந்த ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அண்ணன்தான் கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர். ஆட்டம் முடிந்ததும் கெட்டிப்பால் தேநீரைக் குடித்து, அடியில் தேங்கிய தித்திப்பை எனக்கு நீட்டுவார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் குழுவில் அறுபதைத் தொட்டவர்கள் சிலரே.

அக்கா கமுந்திங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். விடுமுறை நாளில் வந்தால் எனக்குத் தலை பின்னிவிடுவாள். பின்னாளில், டாக்டரிடம் போகச் சொன்னால், கால் வீக்கத்தைக் கைலிக்குள் மறைத்தபடி, "பிள்ளைங்க பரீட்சை முடியட்டும்டி" என்பாள். கடைசியில் டயாலிசிஸ் (சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்வது). அதுவும் அதிக நாள் நீடிக்கவில்லை.

நான் போன துக்க வீடுகளில் எல்லாம் இதே கதைதான். ஆண்கள் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றிருப்பார்கள். பெண்கள் "அடுத்த மாசம் போறேன்" என்றிருப்பார்கள்.

மறுநாள் காலை, சமையலறை மேசையில் உட்கார்ந்து வயிற்றில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். எறும்புக் கடி அளவுதான். ஊசிக்குப் பயந்தவர்கள் இதை நம்பலாம்.

பிறகு சர்க்கரை அளக்கும் கருவியில் புது ஊசி மாற்றி, கணவரின் விரலைக் குத்திச் சோதித்தேன். வெறும் வயிற்றிலேயே பதினான்கு காட்டியது. ஆறுக்குள் இருக்க வேண்டியது.

"எனக்கு ஒண்ணுமில்ல லா. அடுத்த வாரம் போலாம்."

"அடுத்த வாரம் இல்லைங்க. இப்பவே."

சொல்லும்போதே நான் அழுததைப் பார்த்து அவர் கார் சாவியை எடுத்தார். இப்போது இருவரும் ஒரே நாளில் கிளினிக்கில் மருந்து வாங்குகிறோம்.

என் கால் புண் ஆற மூன்று மாதமாயிற்று. குனோங் ராபாட்டில் உள்ள எங்கள் வீட்டில் தினமும் விடிந்ததும் கண்ணாடி வைத்து உள்ளங்கால்களைப் பார்க்கிறேன். அவை இருப்பதைக் கண்தான் எனக்குச் சொல்கிறது.

போன மாதம் எனக்கு ஐம்பத்து நான்கு முடிந்தது. அக்கா ஐம்பத்து மூன்றில் நின்றுவிட்டாள். இனி நான்தான் அவளுக்கு மூத்தவள். அன்று காலை கண்ணாடி முன் என் தலையை நானே வெகுநேரம் பின்னிக்கொண்டிருந்தேன்.