செங்கமலம் காலில் விழுவாளா?

டிவி தொடரில் எனக்குப் பிடித்த வில்லி செங்கமலத்தைச் சிறைக்கு அனுப்பியதோடு மறந்துவிட்டார்கள். மனசு ஆறாமல், அவள் விடுதலையாகி மகளைத் தேடிப் போவதாக நானே கதை எழுதி, புனைபெயரில் இணையத்தில் போட்டேன்.

ஒரு காலை, ஏனாத்தூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தோழிக்கு அதைத்தான் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். செங்கமலம் மகள் காலில் விழும் இடத்தில் படிப்பதை நிறுத்தி, தோழியிடம் சொன்னாள்:

"இவளா காலுல விழுவா? வாசல்ல நின்னுக்கினு, 'பசிக்குது, சோறு போடு'ன்னு கேப்பா."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. "மக போடுவாளா?" என்று கேட்டேன்.

"போடுவா. ஆனா பேசமாட்டா" என்றாள், என் பக்கம் திரும்பி.

என் நிறுத்தம் தாண்டியும் மூவரும் பேசிக்கொண்டே போனோம். எழுதியவள் நான் என்று மட்டும் சொல்லவில்லை. அன்றே கதையின் முடிவை அவள் சொன்னபடி மாற்றினேன்.

செங்கமலத்தை என்னளவு அறிந்தவர் யாருமில்லை என்று நினைத்திருந்தேன். அது பொய்யானதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.