மழையில் ஆடினால் மாத்திரையை நிறுத்தலாமா?

போன செவ்வாய்க்கிழமை நான் மழையில் ஆடினேன்.

ஆமாம், நான்தான். ஐம்பதைத் தொடப்போகிற, வழுக்கை விழுந்த, தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலில், எல்லோரும் பார்க்க! மகள் கம்பஸுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு, தெரிவாகிவிட்டாள் என்று சேதி வந்த நிமிடமே மழையும் வந்தது. கால் தானாகத் தூக்கிக்கொண்டது. நான் என்ன செய்ய?

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? எங்கள் தெரணியகலை மலைப் பக்கம் மழை பெய்யாத நாள்தான் அதிசயம். ஆனால் எனக்கு மழை வேறு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அடைமழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு சரிந்தது. மகள் அங்கேயிருந்த குழாயடியில் நின்றாள் என்று நினைத்து, இரண்டு மணித்தியாலம் கையால் மண்ணைத் தோண்டினேன். அவளோ கீழ் ரோட்டு நந்தா அக்கா வீட்டில் உட்கார்ந்து கொக்கிஸ் பலகாரம் தின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது. தூறல் விழுந்தாலே நெஞ்சு படபடக்கும். வாசலில் நட்டிருக்கும் மழைமானியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடிப்போய்ப் பார்ப்பேன். சோறு இறங்காது. காலையில் எழும்ப மனம் வராது... கடைசியில் கிளினிக் டாக்டரம்மா மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒன்றரை வருடமாகத் தினமும் காலையில் ஒன்று.

ஆடி முடித்துத் தலை துவட்டும்போதுதான் உறைத்தது — மழைமானியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை! அப்படியானால்? குணமாகிவிட்டேன். வேறென்ன?

மறுநாள் காலை மாத்திரை அட்டையோடு, அடுப்பு எரிந்துகொண்டிருந்த குசினிக்குப் போனேன். என் மனைவி புஷ்பா இந்தத் தோட்டத்தில் கங்காணி. முப்பது பேரை மேய்க்கிறவள். என்னையும் சேர்த்தால் முப்பத்தொன்று.

"இன்னையோட இத நிப்பாட்டியாச்சு," என்றேன்.

"யாரு சொன்னது?"

"நான்தான். புள்ள கம்பஸ் போறா. மாத்திர போடுற அப்பனாவா அவள பஸ் ஏத்திவிடுறது?"

பிளேன்டீக் கோப்பையை என் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"மாஸ்டர், கவ்வாத்து வெட்டுறதுக்கு முன்னுக்கு நாங்க என்னா செய்வோம்?"

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைக் கீழே இறக்கி வெட்டிவிடுவது. அதற்கு முன் வேரில் ஒரு துண்டை எடுத்து அயடின் ஊற்றிப் பார்ப்பார்கள். கறுத்தால் வேரில் மாப்பொருள் சேர்ந்திருக்கிறது, வெட்டலாம். வெளிறி நின்றால், மேலே எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் கத்தியை வைக்கக்கூடாது. வைத்தால் செடி செத்துப்போகும்.

"வேரப் பாப்பீங்க," என்றேன். விஞ்ஞான ஆசிரியர் அல்லவா?

"ஒங்க வேர யாரு பாத்தா? நேத்து நீங்க ஆடினத லயத்துச் சனமே பாத்துச்சு. அது கொழுந்துங்க. வேரு இல்ல."

பல் விளக்கிக்கொண்டிருந்த மகள் வாயில் நுரையோடு எட்டிப்பார்த்தாள்.

"அப்பா, நீங்க மாத்திர போடுறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. மழ பேஞ்சா என்னைய டியூஷன் போகவிடாம கதவப் பூட்டிட்டு, சாவிய அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சி வெப்பீங்களே... அதுதான் வெக்கம்!"

அரிசி டின் அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றைய மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை கிளினிக். டாக்டரம்மாவிடம் நான் ஆடிய கதையைச் சிங்களத்தில் சொன்னேன். சொன்னது போதாதென்று எழும்பி இரண்டு ஸ்டெப் போட்டும் காட்டினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஹரி ஷோக், சேர்!" பிரமாதமாம்.

பிறகு ஒரே ஒரு கேள்வி. "மகள் போன பிறகு, நீங்கள் வீட்டில், அவள் தூரத்தில். அப்போது மழை பெய்தால்?"

என் கை தானாக மேசையைப் பிறாண்டத் தொடங்கியது. மண் தோண்டிய அதே கை.

"அதுதான் சேர். திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், பழைய பயமும் திரும்பலாம். மகள் போகட்டும், இந்த மழைக்காலமும் போகட்டும். அதன் பிறகு இரண்டு பேருமாகக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைப்போம்."

கவனித்தீர்களா? முடியாது என்று சொல்லவில்லை! இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் விசிலடித்தேன். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

வீட்டுப் படி ஏறவில்லை, புஷ்பா கேட்டாள்: "என்னா, வேரு கறுத்திச்சா?"

"பாதி கறுத்திருக்காம்."

"அப்ப மிச்சப் பாதிக்கு சோறு போடுறேன், உக்காருங்க."

அடுத்த மாதம் மகளைப் பஸ் ஏற்றிவிடுவேன். என் சட்டைப் பையில் மாத்திரை இருக்கும். மழையும் பெய்யலாம்...

பஸ் ஸ்டாண்டில் ஒரு வழுக்கைத் தலை ஆடுவதைக் கண்டால், தயவுசெய்து என் மகளிடம் சொல்லிவிடாதீர்கள் — அவள் தெரியாத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.