நொச்சிக்குப்பத்துக் கடலில் இறங்கிய தபால்காரர்

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு வாரமாக வேறொரு தபால்காரர் வந்துகொண்டிருந்தார். கடிதங்களைக் கொடுத்த பிறகும் அவர் போகாமல் நின்றார்.

"சார், சபாபதி அண்ணன் வூட்டம்மா உங்களுக்கு சொல்லிடச் சொன்னாங்க. அண்ணன் இன்னிக்கு விடிகாலைல தவறிட்டாரு."

எங்கள் தெருவின் வழக்கமான தபால்காரர் சபாபதியை மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான்கு நாட்களுக்கு முன்புதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எழுந்து உட்கார்ந்து பேசினார். தேறிவிடுவார் என்றே நம்பினேன். நாற்பத்து நான்கு வயது மனிதர். இந்த வயதுக்குள் அவர் மிதித்த தூரத்தைச் சேர்த்தால் இந்தத் தேசத்தைப் பலமுறை சுற்றி வந்திருக்கலாம். அப்படிப்பட்ட உடம்பு இப்படிப் போகும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

அவரை அறியாதவர்களுக்காக முதலில் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர் பக்கங்களிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று பேர் ஞாயிறுதோறும் விடியற்காலையில் கூடுவோம். சிலர் கடலில் நீந்துவோம், சிலர் சைக்கிள் ஓட்டுவார்கள், சிலர் மெரினா நெடுக ஓடுவார்கள். இதில் எது கடினம் என்று ஓயாத சண்டை. ஒருநாள் எங்கள் தலைவர், மயிலாப்பூர் வக்கீல் வேங்கடரங்கன் அவர்கள், "மூணையும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணாப் பண்ணிப் பார்த்துட்டாப் போச்சு" என்றார். அன்றே நான் பாதையை வரைந்தேன். அரசு அலுவலகத்தில் எனக்கு வரைபடம் போடுகிற வேலை. நொச்சிக்குப்பத்தில் கடலில் இறங்கி, மூன்று கட்டுமரங்களைச் சுற்றி நீந்திக் கரையேற வேண்டும். அங்கிருந்து சைக்கிளில் சாந்தோம், அடையாறு பாலம் வழியாகத் திருவான்மியூர் போய்த் திரும்ப வேண்டும். கடைசியாகக் காந்தி சிலை வரை ஓடித் திரும்ப வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, மாசி மாதத்தில், கடல் சற்று அடங்கியிருக்கும்போது நடத்துவோம். வேறு எங்காவது இப்படி ஒரு பந்தயம் உண்டா என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பெண்கள் அதை 'மூணு கண்டம்' என்றார்கள்.

செயலாளன் என்ற முறையில் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தபால் கார்டுகள்தான். ஒருநாள் கார்டைக் கொடுத்த சபாபதி தயங்கி நின்றார்.

"சார், கார்டுல கீறத நாங்க படிக்கக் கூடாது. ரூலு அப்படி. ஆனா கண்ணுக்கு ரூலு தெரியலியே. அந்தச் சங்கத்துல சேர்றதுக்கு சைக்கிள் மிதிச்சா போதுமா, இங்கிலீசும் தெரியணுமா?"

நான் சிரித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வந்துவிட்டார்.

சைக்கிள் அவருக்குப் பிரச்சினையே இல்லை. கடல்தான் பிரச்சினை. சிறு வயதில் வடபழனிப் பக்கத்து வயற்கிணறுகளில் குதித்து நீந்தியவர். முதல் பந்தயத்துக்கு முந்தின நாள் என்னிடம், "கெணத்துல நாலு பக்கமும் செவுரு கீது சார். இதுல செவுரு எங்க கீது?" என்று கேட்டார். மறுநாள் நாங்கள் எல்லோரும் பாய்ந்த பிறகும் அவர் இடுப்பளவு நீரில் அப்படியே நின்றாராம். கட்டுமரங்களைக் கொண்டுவந்து நிறுத்துபவர் நொச்சிக்குப்பத்து மீனவர் ஏழுமலை. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. நாங்கள் நீந்தும்போது பக்கத்திலேயே துடுப்புப் போட்டு வருவார். அவர் மரத்தைத் திருப்பிக்கொண்டு சபாபதியிடம் வந்து, "அண்ணாத்த, நாந்தான் செவுரு. என்ன ஒட்டிக்கினே வா" என்றிருக்கிறார். சபாபதி ஒட்டிக்கொண்டே நீந்தி, கடைசி ஆளாகக் கரையேறினார்.

ஆனால் சைக்கிளில் ஏறியதும் ஒவ்வொருவராகத் தாண்டினார். ராஜா அண்ணாமலைபுரத்துக்குள் நுழையும்போது என்னையும் தாண்டினார். சிறிது தூரம் போனதும் பார்க்கிறேன், ஒரு வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள். மகன் வடக்கே இரும்பாலையில் வேலையாக இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. "இன்னிக்கு ஞாயித்துக்கெழமமா. தபால் கெடையாது. நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் இன்னொருவரும் அவரைத் தாண்டிப் போய்விட்டோம்.

பந்தயம் முடிந்ததும் ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன்.

"நிக்காம போனா, லெட்டர வெச்சிக்கினே குடுக்காம போறேன்னு நெனைச்சிக்கும் சார். அப்புறம் பொழுதுக்கும் அதே நெனப்பா கெடக்கும்."

மூன்றாவது வருஷப் பந்தயத்துக்குச் சில மாதங்கள் முன்பு ஏழுமலை தானும் கலந்துகொள்ள விரும்புவதாகச் சபாபதி வந்து சொன்னார். தலைவர் வீட்டு மாடியில் கூட்டம் போட்டோம்.

"கடல்லயே தொழில் பண்றவன்" என்றார் தலைவர். "நம்முது அமெச்சூர் சங்கம். நமக்குப் பொழுதுபோக்கு, அவனுக்கு ஜீவனம். ரெண்டும் சமமாகுமோ?"

ஆகாது என்றார்கள் பலரும். கை தூக்கச் சொன்னார். நானும் தூக்கினேன். தீர்மானத்தை நோட்டில் எழுதியவனும் நான்தான். சபாபதி ஒருவர்தான் கை தூக்கவில்லை. நான் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து எழுந்தார்.

"தலைவரே, ஒரு சந்தேகம். நான் தெனம் சைக்கிள் மிதிக்கிறேன். அதுக்கு சர்க்கார் சம்பளம் குடுக்குது. அப்போ நானும் அமெச்சூர் இல்லியே?"

"உன் விஷயம் வேற, சபாபதி."

"எப்படி வேற?"

தெருவில் காய்கறி விற்றுக்கொண்டு போகிறவரின் குரல் மட்டும் கேட்டது.

"அப்போ எம் பேரையும் அடிச்சிடுங்க சார்" என்றார் என்னைப் பார்த்து. குரல் உயரவே இல்லை. நான் தலைவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபாபதி நகர்வதாக இல்லை. வேறு வழி தெரியாமல் அவர் பெயர் மீது கோடு போட்டேன். அவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை வழக்கம் போல "சார், போஸ்ட்" என்று கடிதங்களை நீட்டினார். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. அம்மாவின் கால்வலி எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சற்றுத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் அலுவலகம் விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அடையாறு பாலத்துக்கு இப்பால் பஸ் நின்றபோது ஒரு காலி மனையில் கூச்சல் கேட்டது. லுங்கியை மடித்துக் கட்டியபடி ஏழுமலை சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறார். காக்கி உடுப்போடு சபாபதி பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். "வுட்றாத அண்ணாத்த, வுட்றாத!" என்று ஏழுமலை அலறுகிறார். சபாபதி எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தார். பத்து கஜம் போய் சைக்கிள் வேலியில் முட்டி விழுந்தது.

நான் இறங்கிப் போனேன். "இவருக்குச் சைக்கிளே தெரியாதா?" என்று கேட்டேன்.

"கட்டுமரத்துக்கு ஏது சார் பெடலு?" என்றார் சபாபதி, மூச்சு வாங்கியபடி.

"அன்றைக்கே கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கலாமே! கடலில் எவ்வளவு முந்தினாலும் சைக்கிளில் போய்விடும் என்று எல்லோருக்கும் புரிந்திருக்குமே."

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சொல்லியிருந்தா சேத்திருப்பீங்க சார். பாவம், தோத்துடுவான், வரட்டும்னு சேத்திருப்பீங்க. அவன் அப்படி உள்ள வர வேணாம்."

அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். மறுபடி பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை.

அடுத்த கூட்டத்தில் நானே அந்தத் தீர்மானத்தை உரக்கப் படித்தேன். பிறகு, "நான் கை தூக்கியதற்குக் காரணம் அமெச்சூர் விதி இல்லை. போன வருஷம் இரண்டாவதாக வந்தேன். ஏழுமலை வந்தால் அந்த இடம் போய்விடும் என்று பயந்தேன்" என்று சொன்னேன். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"நீர் சொல்லிட்டீர். நானும் சொல்லிடறேன். நம்மாத்து மாடில அவன் வந்து சமமா உக்காந்துண்டு பேசுவானேன்னு எனக்கு இருந்தது. அமெச்சூர்ங்கறது வாய்க்கு சௌகரியமா இருந்தது, சொல்லிட்டேன். அந்தத் தீர்மானத்த அடிச்சுடும் ஓய்."

அடித்தேன். இந்த முறை கோடு நேராக விழுந்தது.

மறுநாள் வாசலிலேயே காத்திருந்து சபாபதியிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கடிதக் கட்டைப் பைக்குள் வைத்தார். "சந்தோசம் சார். ஆனா ஏழுமலைகிட்ட நீங்களே போய் சொல்லுங்க. நான் சொன்னா, நான் கேட்டு வாங்கிக் குடுத்ததா ஆயிடும்."

நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். ஏழுமலை மணலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னா நைனா, இப்போ கடலு எனக்குத் தொழில் இல்லியா?" என்றார். வலையில் ஒரு முடிச்சைப் பிரித்துவிட்டுச் சிரித்தார். "சரி, வர்றேன். ஆனா சைக்கிள்லேர்ந்து வுழுந்தா யாரும் சிரிக்கக் கூடாது."

அந்த வருஷப் பந்தயத்தை நான் மறக்க மாட்டேன். நாங்கள் மூன்றாவது கட்டுமரத்தைத் தாண்டுவதற்குள் ஏழுமலை கரையேறிவிட்டார். சாந்தோமில் ஒருமுறை விழுந்தார், அடையாறு பாலத்தின் மேல் இன்னொரு முறை. சபாபதி பின்னால் வந்துகொண்டிருந்தார். தன் நண்பருக்காக நிதானிப்பார், கூடவே போவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் மணியை அடித்துக்கொண்டே தாண்டிப் போனார். "இன்னா அண்ணாத்த, பெல்லு அடிச்சிக்கினு போறியே!" என்று ஏழுமலை பாலத்திலிருந்து கத்தியது எனக்குக் கேட்டது. சபாபதி திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முதல் முதலாக அவர் முதலிடத்தில் வந்தார். ஏழுமலை ஏழாவது.

"யாரோ ஓர் அம்மாளுக்காக நின்றீர்களே, இவருக்காக நிற்கவில்லையே?" என்று கேட்டேன்.

"அந்தம்மா பந்தயத்துல இல்ல சார். இவன் இருந்தான்."

அதன்பின் ஒவ்வொரு வருஷமும் இருவரும் வந்தார்கள். சென்ற ஆண்டு ஏழுமலை இரண்டாவதாக வந்தபோது அவரைவிட அதிகமாகக் குதித்தவர் சபாபதிதான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது கண்கள் மஞ்சளாக இருந்தன. மனைவி லோகம்மாள் மோர்க்கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் டம்ளர் கழுவப் போன சமயத்தில் சபாபதி என் கையைப் பிடித்தார். "அன்னிக்கு எம் பேர அடிச்சீங்களே, உங்க கை நடுங்கிச்சு. பாத்தேன். அதனாலதான் மறுநாள் உங்க மூஞ்சியப் பாத்து லெட்டர் குடுக்க முடிஞ்சிது." இத்தனை ஆண்டுகளாக இதைச் சொல்லாமல் வைத்திருந்தவர் அன்று சொன்னார். நான் கையை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை நொச்சிக்குப்பத்தில் பல கட்டுமரங்கள் கடலுக்குப் போகவில்லை. பாடையின் முன்பக்கம் ஏழுமலை தோள் கொடுத்தார். எழுபது வயதுத் தலைவர் மந்தைவெளியில் சபாபதியின் வீட்டிலிருந்து கிருஷ்ணாம்பேட்டை மயானம் வரை நடந்தே வந்தார்.

சனிக்கிழமை காலை அஸ்தி கரைக்க நொச்சிக்குப்பத்துக்கே கொண்டுவந்தார்கள். பெண்கள் வரக் கூடாது என்று உறவினர்கள் சொன்னார்களாம். லோகம்மாள் கேட்கவில்லை. ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். சபாபதியின் தம்பி அஸ்திக் கலயத்தோடு ஏழுமலையின் கட்டுமரத்தில் ஏறிக்கொள்ள, மரம் அலைகளைத் தாண்டிப் போனது. லோகம்மாள் நீர் விளிம்பில் என் பக்கத்தில் நின்றார்.

"பந்தயத்துக்கு எந்த எடத்துல எறங்குவாரு சார்?"

"இங்கேதாம்மா. நாம் நிற்கிற இடம்."

"எதுவரைக்கும் போவாரு?"

கட்டுமரம் சின்னதாகிக்கொண்டே போனது. ஏழுமலை துடுப்பை நிறுத்தியதும், "இப்போது அவர்கள் இருக்கும் இடம் வரைக்கும்" என்றேன்.

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "அவ்ளோ தூரமா? எங்கிட்ட, கரையோரமா கால நனைச்சிட்டு சைக்கிள்ல ஏறிடுவேன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழுகையோடு சிரிப்பும் இருந்தது. "இத்தினி வருசமா பொய்யி சார். நான் பயந்துப்பேன்னு."

சபாபதி அவர்களே, உங்கள் பொய் வெளியே வந்துவிட்டது. லோகம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டுமரம் திரும்பும் வரை, முழங்கால் அளவு நீரில், நீங்கள் நீந்திய தூரத்தைப் பார்த்தபடியே நின்றிருந்தார். நிம்மதியாகப் போய் வாருங்கள்.