ராஜகோபுரத்தடிக்குப் போகும் வழியில் அனுப்பிய மெசேஜ்

கோபத்தில் தட்டிவிட்ட மெசேஜை ஒரு நீதிபதி வாய்விட்டுப் படித்து நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன், போன மாதம், திருச்சி குடும்ப நீதிமன்றத்தில். "இனிமே புள்ளைய அனுப்புறதா இல்ல. கோர்ட்டுக்குப் போறியா, தாராளமா போ." அவர் நிதானமாக, புள்ளி வரும் இடத்தில் நிறுத்திப் படித்தார். என் பந்தா எல்லாம் அங்கேயே காலி.

மெசேஜ் போனது அக்கா நம்பரிலிருந்து. தட்டியது நான்.

அக்காவும் மாமாவும் பிரிந்து இரண்டு வருடம். ஐந்து வயதுக் குழந்தை காட்டூரில் எங்களோடு இருக்கிறாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தடியில் மாமாவிடம் விட்டு, மாலை ஐந்துக்குக் கூட்டிவர வேண்டும் என்பது கோர்ட் ஆர்டர். ஒரு வாரமும் தவறியதில்லை, அந்த வைகுண்ட ஏகாதசி ஞாயிறு வரை. கூட்டத்துக்கு ரோட்டை அடைப்பார்கள் என்று ஊருக்கே தெரியும். இன்ஜினியரிங் முடித்த எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டார்கள். நடந்து அம்மா மண்டபம் தாண்டும்போது பத்தரை.

அக்கா தோளில் குழந்தை. அவள் போன் என் கையில். மாமா மெசேஜ் வந்தது: "வேணும்னே லேட் பண்ற. உன் டிராமா எனக்குத் தெரியாதா?"

"ரிப்ளை பண்ணாதடி, நேர்ல சொல்லிக்கலாம்" என்றாள் அக்கா. அதற்குள் அனுப்பிவிட்டேன். மூன்றே நிமிடத்தில் அழித்தும்விட்டேன். கோபுரத்தடியில் மாமா இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். ஆர்டரை மீறிவிட்டதாக மனு போட்டார்.

"இத நீங்கதான் அனுப்பினீங்களா?" நீதிபதி அக்காவிடம் கேட்டார்.

பின்வரிசையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமாங்க மேடம், நான்தான்."

"ஆர்டர மதிக்கலன்னா, குழந்தை யார்கிட்ட இருக்கணும்ங்கறதையே மாத்தி யோசிக்க வேண்டி வரும்மா."

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "ஏன்க்கா பொய் சொன்ன?"

"இப்பதான் வேலைக்குச் சேரப் போற. கேஸு கீஸுன்னு உன் பேரு வேற எதுக்கு? உன் வாய்க்கு ஒரு நாள் சூடு வெக்கணும்டி." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

மறுநாளே அக்காவின் வக்கீலிடம் போய் எல்லாம் சொன்னேன்.

"இவ்ளோ வாய் இருக்கே, அன்னிக்கு எங்க போச்சு?"

"பயந்துட்டேன் சார்."

"இப்ப சொன்னா, உங்க அக்கா கோர்ட்ல பொய் சொன்னதா ஆவும். சொல்லலன்னா, புள்ளைய அனுப்ப மாட்டேன்னு அவங்களே எழுதினதா ஆவும். யோசிச்சு சொல்லு."

யோசித்தேன். பொய்க்குத் திட்டு விழலாம், அதற்கு மேலும் ஏதாவது வரலாம். ஆனால் அந்த மெசேஜ் அக்கா பேரில் நின்றால் குழந்தையே போய்விடும். நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இன்று காலை அக்கா குழந்தைக்கு இரட்டைச் சடை பின்னினாள், பிரித்தாள், மறுபடி பின்னினாள். "அம்மா, ஸ்கூலுக்கு லேட்டாவுது" என்று குழந்தை கத்திய பிறகுதான் விட்டாள்.

கோர்ட் வராந்தாவில் நின்று இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மாமா எதிர் பெஞ்சில் இருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த காகிதம் வக்கீல் கையில் இருக்கிறது, இன்று அதை நீதிபதியிடம் கொடுக்கப் போகிறார். மணி பதினொன்று இருபது. எங்கள் கேஸ் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.